தோற்றப்பொலிவுள்ள பட்டதாரி தேவை

ஜெபராஜ் கன்னத்தில் முதல் அறை விழுந்தபோது "தேங்க் யூ சார்" என்று சொன்னான். அதனால்தான் அவனுக்கு அந்த வேலை கிடைத்தது.

எழுபத்திரண்டாம் வருஷம் அது. சரித்திரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு ஜெபராஜ் சேலையூரில் சும்மா இருந்தான். அப்பா காலமாகிவிட்டார். அம்மா செல்வமேரி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பள்ளிக்கூடம் கொடுத்த வீட்டில்தான் இரண்டு பேரும் குடியிருந்தார்கள். வருகிற மே மாதம் செல்வமேரி ஓய்வு பெறவேண்டும். ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் ஒரு வேதாகமமும் சால்வையும் கொடுத்து, வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்வது வழக்கம்.

அந்த நேரத்தில்தான் பேப்பரில் விளம்பரம் வந்தது. 'தென்புறநகர் மனை வழங்கு கழகத்துக்கு வரவேற்பு அலுவலர் தேவை. பட்டதாரியாக இருக்கவேண்டும். தோற்றப்பொலிவும் தாங்கும் சக்தியும் அவசியம்.' தாங்கும் சக்தி என்றால் என்னவென்று ஜெபராஜுக்கு விளங்கவில்லை. "நிறைய நேரம் உட்கார்ந்து வேலை செய்யணும்னு அர்த்தமா இருக்கும்" என்றாள் செல்வமேரி.

தோற்றப்பொலிவுக்குப் பக்கத்து வீட்டுச் சவுரிமுத்து பொறுப்பேற்றுக்கொண்டான். அவன் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. டாக்டர்கள் வீட்டு வாசலில் நின்று நின்று உடுத்திக்கொள்ளக் கற்றவன். தன் சிவப்பு டையைக் கழற்றி ஜெபராஜ் கழுத்தில் கட்டினான். தன் ஷூவையும் கொடுத்தான். அது ஒரு சைஸ் சின்னது.

"முதுகு நேரா இருக்கணும். கண்ணைப் பாத்துப் பேசணும். அவங்க என்ன பண்ணினாலும் பதறக்கூடாது" என்றான் சவுரிமுத்து. "ஒரு டாக்டர் என் சாம்பிள் பெட்டியை ஜன்னல் வழியா எறிஞ்சாரு. தேங்க் யூ டாக்டர்னு சொல்லிட்டு, கீழே போய்ப் பொறுக்கிட்டு, மறுபடி மாடி ஏறினேன். இன்னைக்கு அவர்தான் எனக்குப் பெரிய பார்ட்டி."

கழகத்தின் அலுவலகம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு இரும்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வராந்தா முழுக்கப் பட்டதாரிகள். எல்லார் முகத்திலும் பவுடர். முதலில் கூப்பிட்டது ஜெபராஜைத்தான்.

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். மெலிந்து, தங்க ஃபிரேம் கண்ணாடி போட்டிருந்தவர் செயலாளர் பூவராகன். பக்கத்தில் கழுத்தே இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் தனசிங்; ஒரு காலத்தில் டிரில் மாஸ்டர், இப்போது கழகத்தின் பயிற்சி அலுவலர்.

பூவராகன் முதல் பானிப்பட்டுப் போரைப் பற்றிக் கேட்டார். ஜெபராஜ் சொன்னான். அவர் தலையசைத்தபடி எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, அவன் டையின் முடிச்சைச் சரிசெய்தார்.

"நல்ல டை" என்றார். அதே கையால் ஓங்கி ஒரு அறை விட்டார்.

டையைப் பாராட்டினால் நன்றி சொல்லவேண்டும் என்று ஜெபராஜ் வாயைத் திறந்திருந்தான். அறை நடுவில் வந்துவிட்டது. ஆனால் சொல்ல வந்தது நிற்கவில்லை. "தேங்க் யூ சார்" என்று வெளியே வந்துவிட்டது.

பூவராகனும் தனசிங்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முதுகு வளையலை, கவனிச்சீங்களா?" என்றார் பூவராகன்.

"வயித்தையும் பாத்துடலாம்" என்று எழுந்தார் தனசிங். அவர் குத்து மூச்சை எங்கேயோ கொண்டுபோய் வைத்தது. ஜெபராஜ் தரையில் கிடந்தான். சவுரிமுத்து சொன்னது நினைவுக்கு வந்து, தரையிலிருந்தே பூவராகன் கண்ணைப் பார்த்தான். "உங்களிடம் உள்ள நல்ல குணம் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டார் அவர். பதில் சொல்ல மூச்சு இல்லை. அதையே பதிலாகக் குறித்துக்கொண்டார்கள். பிறகு வெளியே உட்காரச் சொன்னார்கள்.

உதடு கிழிந்து, சட்டையில் ரத்தம் சொட்ட அவன் வராந்தாவுக்கு வந்தபோது, மற்றவர்கள் ஓடிவிடுவார்கள் என்றுதான் நினைத்தான். அவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன சார் கேட்டாங்க?"

"பானிப்பட்டு கேட்டாங்க. அப்புறம் அடிச்சாங்க."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் கண்ணாடி போட்ட ஒரு எம்.ஏ. பட்டதாரி. "நீங்க என்ன சொன்னீங்க?"

"தேங்க் யூ சொன்னேன்."

அடுத்த நிமிஷம் வராந்தாவில் தயாரிப்பு ஆரம்பித்துவிட்டது. எம்.ஏ. தன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த பி.காமிடம் கன்னத்தைக் காட்டினார். பி.காம் தயங்கித் தயங்கி ஒரு தட்டுத் தட்டினான். "பலமா அடிங்க சார், டயம் இல்லை" என்றார் எம்.ஏ. பி.காம் பலமாக அடித்தான். தேங்க் யூ சொல்லவேண்டிய எம்.ஏ., பழக்கமில்லாததால் அவன் மூக்கில் ஒரு குத்து விட்டார். பி.காமின் அண்ணனும் வரிசையில் இருந்தான். பிறகு யார் யாருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றே தெரியவில்லை. பெஞ்சு ஒன்று உடைந்தது. சர்டிபிகேட்டுகள் படிக்கட்டில் பறந்தன. யாரோ ஒருவரின் தலை சுவரில் மோதிய இடத்தில் பவுடர் அப்படியே வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

எம்.ஏ. உள்ளே போனார். அடி விழுவதற்கு முன்பே நன்றி சொல்லிவிட்டதால் அவர் தேர்வாகவில்லை.

சாயங்காலம் ஜெபராஜை மறுபடி உள்ளே கூப்பிட்டு நாற்காலி கொடுத்தார்கள். பூவராகன் ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"மிஸ்டர் ஜெபராஜ், நம்ம கழகம் எளிய மக்களுக்குக் கூடுவாஞ்சேரியில் வீட்டுமனை கொடுக்கிறது. அருமையான காற்று. நல்ல குளிர்ச்சி. வருஷத்தில் சில மாதம் மனையைக் கண்ணாலேயே பார்க்கலாம்."

"மத்த மாசம் சார்?"

"மத்த மாசம் அது ஏரி." பூவராகன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இதைச் சில பேர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அடிக்க வருகிறார்கள். பணம் போட்டவன் அடிக்க வருவது அவனுடைய உரிமை, அதில் கழகம் தலையிடாது. ஆனால் யாரை அடிப்பது என்பதை நாம்தான் ஏற்பாடு செய்து தரவேண்டும். நிர்வாகம் என்பது அதுதான்."

ஜெபராஜுக்குக் காது இரைந்துகொண்டிருந்தது. சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகப்பட்டான்.

"உங்களுக்கு முன்னால் இருந்தவர் ஷேவ் செய்யமாட்டார். சட்டையில் பட்டன் இருக்காது. வந்தவர்கள் அவரைப் பார்த்ததும் பரிதாபப்பட்டு, அடிக்க மனசு வராமல் நேரே என் அறைக்கு வந்துவிட்டார்கள்." பூவராகன் தன் இடது கைச் சுண்டுவிரலைக் காட்டினார். அது வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. "அதனால்தான் தோற்றப்பொலிவு கேட்டோம். நல்ல சட்டை போட்டவனைப் பார்த்தால்தான், நம்ம பணம் இங்கேதான் இருக்கிறது என்று ஜனங்களுக்குத் தோன்றும்."

"டை ரொம்ப முக்கியம்" என்றார் தனசிங். "பிடிச்சு இழுக்க வசதி. கையைப் பிடிச்சு இழுத்தா மூட்டு நழுவிடும். அப்புறம் ஆஸ்பத்திரி, லீவு."

எழுந்து போய்விடலாம் என்று ஜெபராஜ் நினைத்தான். நியமன உத்தரவைப் பூவராகன் அவன் பக்கம் தள்ளினார். அவன் பெயரை முழுசாக டைப் அடித்திருந்தார்கள். எஸ். ஜெபராஜ், பி.ஏ. அப்படி யாரும் இதுவரை அவனை டைப் அடித்ததில்லை. மே மாதத்தை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

பயிற்சிக் காலத்தில் சம்பளம் கிடையாது. நிரந்தரமானதும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். செல்வமேரி அன்று பாயசம் வைத்தாள். கிழிந்த உதட்டில் சூடு பட்டு அவன் துள்ளியதைப் பார்த்து, "பஸ்ஸில் இடிச்சுக்கிட்டியா?" என்றாள்.

வரவேற்பு அலுவலரின் மேஜை, செயலாளர் அறைக் கதவுக்கு நேர் முன்னால் இருந்தது. மேலே ஒரு போர்டு. 'அடிக்க வருவோர் வரிசையில் வரவும். மனை ரசீது இல்லாதோருக்கு அனுமதியில்லை. குடை, கைத்தடி உபயோகிக்கலாம். மதியம் உணவு இடைவேளை. அலுவலரின் பற்களுக்குக் கழகம் பொறுப்பல்ல.'

ஜனங்கள் வந்தார்கள். பல்லாவரத்து ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் குடையோடு வந்தார். கண்பார்வை மங்கல் என்பதால் பாதி அடி மேஜையில் விழும். மீதி விழுந்த இடத்தில் கம்பி பதியும். சானடோரியத்திலிருந்து வந்த நர்ஸம்மா கைப்பையால் அடித்துவிட்டு, நெற்றி பிளந்திருப்பதைப் பார்த்துத் தானே டிஞ்சர் போட்டுவிட்டாள். டிஞ்சர் அடியைவிட எரிந்தது. ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலை மேஸ்திரி தலைமுடியைப் பிடித்து நெற்றியை மேஜையில் மோதிக்கொண்டே, "ஏரியிலயாடா வூடு கட்டுறது? ஏரியிலயாடா வூடு கட்டுறது?" என்று அதையே கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஜெபராஜ், "கழகம் உங்கள் கருத்தை மதிக்கிறது" என்று சொல்லவேண்டும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த மோதல் வந்துவிடும்.

மேஜை டிராயரில் அவன் மாற்றுச் சட்டைகள் வைத்திருந்தான். சட்டை மாற்றி, ரத்தம் துடைத்து, தலைவாரிக்கொண்ட பிறகுதான் அடுத்தவரைக் கூப்பிடலாம். தலை கலைந்திருந்தால் அடிக்கிறவர்களுக்குத் திருப்தி இருக்காது என்பது தனசிங்கின் அபிப்பிராயம். மாதக் கடைசியில் அவரே ஜெபராஜைச் சோதித்துப் பார்த்து அறிக்கை கொடுப்பார். 'இடதுபக்க அடிக்குச் சிரிப்பு தாமதமாக வருகிறது' என்று ஒரு தடவை எழுதினார். அன்றைக்கு வாங்கிய அடியைவிட அது அவனுக்கு வலித்தது. இரண்டு நாள் கண்ணாடி முன்னால் நின்று தன்னையே அறைந்து சிரித்துப் பார்த்தான்.

அடிக்க வந்தவர்களில் உடம்பில் பெரியவர் கோவளம் கோதண்டம். மீன்பிடிக்கிறவர். தன் பங்குக் கட்டுமரத்தை விற்று, மகள் பேரில் மனை வாங்கியிருந்தார். முதல் தடவை அவர் விட்ட அறையில் ஜெபராஜ் நாற்காலியோடு சுவர் வரை போனான். கடைவாய்ப்பல் ஒன்று தெறித்து எங்கோ உருண்டது. கோதண்டம் மண்டிபோட்டு மேஜைக்கடியில் தேடி, அதை எடுத்துத் துண்டில் துடைத்து நீட்டினார்.

"இந்தா தம்பி, உன் பல்லு."

"தேங்க் யூ சார்."

கோதண்டம் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "உன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல தம்பி. இம்மாந்தூரம் பஸ் புடிச்சு வந்துட்டு சும்மா போனா, வூட்ல பொஞ்சாதி குப்பம்மா கேப்பா, அட்ச்சியா இல்லியான்னு."

அடுத்த தடவை வந்தபோது ஓலையில் சுற்றி ரெண்டு துண்டு வஞ்சிரம் கொண்டுவந்தார். அடித்த பிறகு கொடுத்தார். செல்வமேரி அதைக் குழம்பு வைத்தாள்.

"ஆபீஸ்ல உன்னை மதிச்சு மீனெல்லாம் குடுக்கறாங்களே" என்றவள், அவன் வீங்கிய கண்ணைப் பார்த்தாள். "ஆனா ஏன் தம்பி தினமும் சைக்கிள்லேருந்து விழறே? அதுவும் ஏன் மூஞ்சியாலேயே விழறே?"

"கேம்ப் ரோடு சரியில்லைம்மா."

சித்திரை பிறந்ததும் அவனை நிரந்தரமாக்கினார்கள். லட்டு கொடுத்தார்கள். மெல்ல முடியாததால் அவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பூவராகன் எழுந்து பேசினார்.

"கழகம் தன் ஊழியரையும் தன் வாடிக்கையாளரையும் வேறு வேறாகப் பார்ப்பதில்லை. வாடிக்கையாளருக்கு என்ன செய்கிறோமோ அதையே ஊழியருக்கும் செய்கிறோம். ஆகவே மிஸ்டர் ஜெபராஜுக்குச் சேரவேண்டிய சம்பளத்துக்குப் பதிலாக, கூடுவாஞ்சேரியில் ஒரு மனை வழங்குகிறோம்." தனசிங் கைதட்டினார்.

ரசீதைப் பார்த்ததும் செல்வமேரி முழங்காலில் நின்று ஜெபம் செய்தாள். முன்பக்கம் ஒரு முருங்கை, பின்பக்கம் கிணறு என்று அன்றைக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஊழியருக்கென்று கரைமேலே ஒதுக்கியிருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை ஜெபராஜுக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ரயிலேறிப் போனான். போன வருஷம் நல்ல மழை. கோடையிலும் ஏரி வற்றவில்லை. கரையில் நின்று ரசீதைக் காட்டி, துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டான்.

"அதோ, கல்லு மேல கொக்கு குந்திகினு கீது பாரு, அதான்" என்றார் அவர். "அங்க ஆழம் சாஸ்தி. எருமையே நீந்தித்தான் போவும்."

அவர் சொன்னபடியே ஒரு எருமை அவனுடைய மனையைக் குறுக்கே நீந்திக் கடந்தது. ஜெபராஜ் வெகுநேரம் நின்றான். முருங்கை எங்கே வரும், கிணறு எங்கே வரும் என்று கண் தானாகத் தேடியது. அப்போதுதான் அவன் கைகள் இரண்டும் தாமாகவே முஷ்டி பிடித்தன. யாரையாவது அடிக்கவேண்டும் போலிருந்தது. யாரை என்று தெரியவில்லை. சுற்றிப் பார்த்தான். துணி துவைக்கிறவர் மட்டும்தான் இருந்தார். அவரும் நல்ல மனுஷராக இருந்தார்.

திங்கட்கிழமை வழக்கம்போல ஷேவ் செய்து, டை கட்டி, அலுவலகத்துக்குப் போனான். ராஜினாமா செய்யவோ சண்டை போடவோ அவன் நினைக்கவில்லை. அந்தத் துணிச்சல் அவனிடம் எப்போதுமே இருந்ததில்லை. போர்டைப் படித்தான். ரசீது உள்ளவர்கள் வரிசையில் வரவேண்டும் என்று எழுதியிருந்தது. அவனிடம் ரசீது இருந்தது. வரிசையின் கடைசியில், கோதண்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"இன்னா தம்பி, நீ இங்க நின்னுகினு கீற?"

"நானும் மனை வாங்கியிருக்கேண்ணா."

கோதண்டம் ரசீதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தப் பக்கம்?"

"எருமை நீந்துற பக்கம்."

"அட பாவமே, நம்ம பக்கந்தான்" என்று அவன் தோளைத் தட்டினார். அடிபட்ட தோள்; வலித்தது.

முன்னால் போஸ்ட்மாஸ்டர் குடையை ஓங்கிக்கொண்டு காலி நாற்காலிக்கு எதிரில் நின்றார். அடிக்க ஆள் இல்லை. ஓங்கிய குடையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். அலுவலகத்தில் அந்த நேரத்தில் அப்படி ஒரு அமைதி இருந்ததே இல்லை.

தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கோப்பு பார்த்துப் பழகியவர் பூவராகன். சத்தம் வரவில்லை என்றதும் அவருக்கு வேலை ஓடவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்து, "என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார். அன்று பட்டணத்திலிருந்து புதிதாகப் பணம் போடுகிறவர்கள் வருவதாக இருந்தது. அதனால் கோட்டு, நீல டை, கைக்குட்டை என்று மிக நன்றாக உடுத்தியிருந்தார்.

போஸ்ட்மாஸ்டருக்குத் தெரிந்தது டை மட்டும்தான். குடை இறங்கியது.

பூவராகன் நாற்காலியில் விழுந்தார். கண்ணாடி இரண்டாகப் போயிற்று. "நிறுத்துங்க, நான் செயலாளர்" என்று கத்தினார். "அடி வாங்க வேண்டியவர் அதோ வரிசையில நிக்கிறார். அவரை அடியுங்க. அதுக்குத்தான் அவருக்குச் சம்பளம்."

வரிசை முழுக்க ஜெபராஜைத் திரும்பிப் பார்த்தது. அவனுக்குப் பழக்கத்தில் முதுகு நேரானது.

"சம்பளம் குடுக்கலை சார்" என்றான். "மனைதான் குடுத்தீங்க."

வரிசை மறுபடி முன்பக்கம் திரும்பியது. தனசிங் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். நர்ஸம்மாவின் கைப்பை அவர் வாயில் விழுந்தது. விசில் தொண்டைக்குள் போய்விட்டது. மூச்சு விடும்போதெல்லாம் கீச்சென்று சத்தம் வர, படிக்கட்டில் உருண்டு இரும்புக்கடைக்குள் போய் விழுந்தார். கடைக்காரரும் ஒரு மனை வாங்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மேலே யாரும் முண்டியடிக்கவில்லை. ரசீதைக் காட்டி, அடித்து, வழிவிட்டு நகர்ந்தார்கள். மேஸ்திரி தன் கேள்வியையே கேட்டுக்கொண்டு பூவராகன் நெற்றியை மேஜையில் மோதினார். அவர் "பரிசீலிக்கிறேன், பரிசீலிக்கிறேன்" என்றார். கோதண்டம் தன் முறையை முடித்தபோது, பூவராகன் வாயில் முன்பற்கள் இல்லை. கோதண்டம் இந்தத் தடவை எதையும் தேடவில்லை. ஓரமாக நின்றுகொண்டார்.

ஜெபராஜின் முறை வந்தது.

"மிஸ்டர் ஜெபராஜ்" என்றார் பூவராகன். மூக்கிலிருந்து ரத்தம் கோட்டில் வழிந்தது. "நீங்க படிச்சவர். இவங்க மாதிரி இல்லை. உங்களுக்கு மட்டும் கரையோரமா மாத்தித் தரேன். வெளியே சொல்லவேண்டாம்."

ஜெபராஜ் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். கரையோரம் என்றால் முருங்கை வரும்.

"சார், சீக்கிரம்" என்றார் பின்னால் புதிதாக வந்து நின்ற ஒருவர். "எனக்கு பஸ் போயிடும்."

ஜெபராஜ் அடித்தான்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். அப்படி இல்லை. கையில் ஆரம்பித்துத் தோள்வரை வலித்தது. கோதண்டம் அவனைக் கீழே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

"கட்டை வெரல உள்ள மட்ச்சுகினு குத்துனா வலிக்கத்தான் செய்யும்" என்றார். "வேலை பூட்ச்சா?"

"போயிடுச்சுண்ணா."

"வூடு?"

"மே மாசம்."

கோதண்டம் டீயை உறிஞ்சினார். ரெண்டு பேருக்கும் ஒரே ஏரியில்தான் இடம் இருந்தது.

அவன் வீடு திரும்பியபோது செல்வமேரி பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள். புதுக் காயம் இல்லை. பிறகு கையைப் பார்த்தாள். அது மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது.

"சைக்கிளா?"

"இல்லைம்மா" என்று உட்கார்ந்தான். ஒன்றுவிடாமல் சொன்னான். வேலை என்ன வேலை என்பதையும், மனை எங்கே இருக்கிறது என்பதையும், அன்றைக்கு நடந்ததையும் சொன்னான். முருங்கை விஷயம் வந்தபோது செல்வமேரி எழுந்துபோய் வெந்நீர் வைத்தாள். துணியை நனைத்துப் பிழிந்து அவன் விரல்களுக்கு ஒத்தடம் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிறவள் அவள்.

"ஒரு தடவைதானே அடிச்சே?"

"ரெண்டு."

"அவர் மறு கன்னத்தைக் காட்டினாரா?"

"காட்டலைம்மா. கோதண்டம் அண்ணன்தான் பிடிச்சுத் திருப்பினாரு."

செல்வமேரி துணியை மறுபடி வெந்நீரில் முக்கினாள்.

"சரி, கட்டைவிரலை நீட்டு" என்றாள்.